ஒரே ஒரு போன்

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தபோது அக்காவின் இரண்டு கைகளிலும் படுக்கை விரிப்பின் மூலைகள் இருந்தன. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "ம்... ம்... வர்றேன் மேடம்" என்றாள். எதிரே மறுமுனையைப் பிடித்திருந்தவள் வேலைக்குப் புதிது. அவள் இழுத்த இழுப்பில் விரிப்பு கோணிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரித் துணிகளை மூட்டை மூட்டையாக வாங்கித் துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலையில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று உதறி, நடந்து வந்து, மூலையோடு மூலை சேர்த்துக் கை மாற்ற வேண்டும். முன்பு அக்காவோடு மடித்தவள் மூலைக்காரி. "மூலை சரியா இருந்தா மத்ததெல்லாம் தானா வரும்க்கா" என்று ஓயாமல் சொல்லி அந்தப் பட்டத்தை வாங்கியவள். அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். ஏன் போனாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. அக்காவின் தம்பி அதே கூடத்தில் வேனுக்கு மூட்டை ஏற்றுகிறவன். கல்யாணம் பண்ணிக்கலாமா என்று அவளிடம் கேட்டான். வேண்டாம் என்றாள். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். இவன் விடவில்லை.

"ஒரு பொண்ணுக்கு உங்க நம்பர்ல இருந்து போன் போயிருக்கு. பேசினது யாருன்னு சொல்லணும். சாயங்காலம் வாங்க" என்றது ஸ்டேஷன் குரல்.

அக்காவுக்கு அப்புறம் வேலை ஓடவில்லை. மடித்ததையே பிரித்து மடித்தாள். பேர் சொன்னால் தம்பி உள்ளே போவான். அப்பா செத்த நாளிலிருந்து அவன் தின்ற சோறு அக்காவின் சம்பளம். அதை அவள் சொல்லிக்காட்டியதில்லை, அவன் நினைத்துப் பார்த்ததுமில்லை. பேர் சொல்லாவிட்டால்? அதற்கு மேல் யோசிக்க மனம் ஒப்பவில்லை. பல்லில் சிக்கிய நார் மாதிரி அந்தக் கேள்வி நெருடிக்கொண்டே இருந்தது.

டீ குடிக்கும் அறையில்தான் விஷயம் உடைந்தது. இஸ்திரிக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் போலீஸ்ல இருந்து போன் வந்துச்சும்மா" என்றார். வேன் டிரைவர் விருட்டென்று நிமிர்ந்தான். "அண்ணே, உங்களுக்குமா?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"என்கிட்ட ஒரே ஒரு போன்தான் பண்ணிக்கறேன்னான்" என்றான் டிரைவர்.

"என்கிட்டயும் அதேதான். சரி, ஒரு போன்ல என்ன குடியா முழுகிடப் போகுதுன்னு குடுத்தேன்."

அக்காவிடமும் அதே பாட்டுதான். அவன் நம்பரை மூலைக்காரி பிளாக் பண்ணி வைத்திருந்தாள். அதனால் ஆளுக்கு ஆள் கை நீட்டியிருக்கிறான். கேட்டவர்கள் எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள். தான் மட்டும்தான் கொடுத்தோம் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

தம்பி உள்ளே வந்தான். பேச்சு நின்றதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"இப்ப என்ன, தலையா போயிடுச்சு? எல்லாரும் ராங் நம்பர்னு சொல்லிடுங்க."

"ஏன்டா, ஊர்ல உள்ள ராங் நம்பர் அத்தனையும் ஒரே கூரைக்குக் கீழயா வேலை பார்க்குது? போலீஸ்காரன் காதுல பூ வைக்கறதுன்னாலும் ஒரு அளவு வேண்டாமா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"நான் என்ன அண்ணே தப்பாப் பேசினேன்? சாப்பிட்டியான்னு கேட்டேன். திட்டினேனா? அடிச்சேனா? சாப்பிட்டியான்னு கேட்டா ஜெயிலா?" அக்காவின் பக்கம் திரும்பினான். "நீ சொல்லுக்கா, கெட்ட வார்த்தை ஏதாவது பேசியிருக்கேனா?"

"இல்ல" என்றாள் அக்கா. அவள் கேட்டவரை அது உண்மைதான்.

ஸ்டேஷனில் பெண் அதிகாரி அக்காவை முதலில் உள்ளே கூப்பிட்டார். ஆண்கள் இரண்டு பேரும் வெளியே பெஞ்சில். அறையில் ஒரு மேஜை, ஆடும் நாற்காலி ஒன்று. உட்கார்ந்தால் ஆடியது, அசையாமல் இருந்தாலும் ஆடியது.

"மேடம், அந்தப் பையன் யாரையும் தொடல. தப்பா ஒரு வார்த்தை பேசல" என்று ஆரம்பித்தாள் அக்கா. யார் அந்தப் பையன் என்று அவர் கேட்கவில்லை.

"தொட்டாத்தான் குற்றம்னு நினைச்சிட்டிருக்கீங்களா?"

"ஒரு போன்தானே மேடம்."

"ஒரு போன் இல்லம்மா. வேண்டாம்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டா. அதுக்கப்புறம் திரும்பத் திரும்பப் பின்னாடி வர்றது, போன் பண்றது, வீட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கறது, எல்லாத்தையும் சேர்த்துத்தான் பார்க்கணும். தனித்தனியா எடுத்தா ஒண்ணுமில்லாத மாதிரிதான் இருக்கும். சேர்த்தா ஒருத்திக்கு மூச்சு முட்டும். அது குற்றம். யார் போன்ல இருந்து பண்ணினாலும் குற்றம். தெரிஞ்சே போனைக் குடுத்தா அவங்களையும் கேட்க வேண்டி வரும்." அவர் குரலை உயர்த்தவில்லை. "புகார் பண்ணினவங்க ஒரு பதிவு குடுத்திருக்காங்க. உங்க நம்பர்ல இருந்து போனது. கேளுங்க."

முதலில் டொக், டொக் என்று ஒரு சத்தம். அக்காவுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரிந்தது. உலர்த்தும் யந்திரத்தில் கழன்ற ஒரு போல்ட். சரி பண்ணச் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் வாய் வலித்துவிட்டது. பிறகு தம்பியின் குரல். வீட்டில் அவள் கேட்டே அறியாத, மெதுவான குரல்.

"சாப்பிட்டியா?"

யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"காலையில நீலத்துல போட்டிருந்தியே, அது வேண்டாம். பச்சை போடு. கதவுக்குப் புதுசா ஒரு பூட்டு வாங்கியிருக்க போல. நல்ல பூட்டுதான். எதுக்கு வீண் செலவு?"

அக்காவின் முதுகில் ஈரத்துணி போர்த்தியது போல் இருந்தது. யந்திரம் டொக் டொக் என்றது. அதற்கு மேலே இன்னொரு குரல், சிரிப்போடு, உரக்க.

"டேய், சாப்பிட்டாளான்னு கேட்டியா? கேட்டாச்சுல்ல, குடுடா சீக்கிரம், மடிக்கணும்!"

அது அவளுடைய குரல்.

அதிகாரி பதிவை நிறுத்தினார். "வீடு மாறி, நம்பர் மாத்தி இருந்தாங்க. புது நம்பரை அங்க வேலை பார்த்தவங்கள்ல உங்களுக்கு மட்டும்தான் குடுத்தாங்களாம். உங்க நம்பரைப் பார்த்து, அக்கான்னு நினைச்சு எடுத்திருக்காங்க."

நாற்காலி ஆடியது. விரிப்பைப் பிடித்துக்கொண்டு எதிரே நடந்து வரும் மூலைக்காரியின் முகம் அக்காவுக்கு முன்னால் வந்தது. கை மாற்றும்போது ஒரு நாள் அவள் மெல்லக் கேட்டாள், "உங்க தம்பிகிட்ட கொஞ்சம் சொல்லுங்கக்கா. எனக்கு பயமா இருக்கு." அதற்கு அக்கா சொன்ன பதில்: "பாசக்காரப் பய. கொஞ்ச நாள்ல அடங்கிடுவான்." அதற்குப் பிறகு மூலைக்காரி மூலைகளைப் பற்றிக்கூடப் பேசவில்லை. அமைதியான பெண் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

"ராங் நம்பர்னு சொன்னீங்கன்னா அப்படியே எழுதிக்கறேன்" என்றார் அதிகாரி. "பேசினது யாரு?"

தம்பி சிறுவனாக இருந்தபோது எதையாவது உடைத்துவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். இன்னும் அங்கேயேதான் நிற்கிறான். அங்கே நின்றுகொண்டுதான் அந்தப் பெண்ணின் கதவை எட்டிப் பார்த்திருக்கிறான்.

அக்கா அவன் பேரைச் சொன்னாள். அப்பா பேரையும் சேர்த்து, முழுசாக. "வேண்டாம்னு அவ என்கிட்டயும் சொன்னா மேடம். நான்தான் காதுல வாங்கல. அதையும் எழுதிக்கங்க."

போன் விசாரணைக்கு வேண்டும் என்றார்கள். மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார்கள். அவளோடு வாசல்வரை வந்தார்கள்.

வாசலுக்கு வெளியே, வேனில் சாய்ந்துகொண்டு தம்பி நின்றான். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"என்னக்கா சொன்ன?"

"உன் பேரைச் சொன்னேன்."

சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டதும் சிரிப்பு பாதியில் செத்தது. "உனக்கென்ன கிறுக்கா? கூடப் பிறந்தவ பண்ற வேலையா இது?" என்றவன் சட்டென்று குழைந்தான். "சரி விடு. போனைக் குடு. ஒரே ஒரு தடவை. அவகிட்டயே பேசி கேஸை வாபஸ் வாங்க வச்சிடறேன்."

கை நீண்டது. எத்தனை பேருக்கு முன்னால் நீண்ட கை. இப்போது பார்த்தபோதுதான் அது கெஞ்சுகிற கை இல்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது.

"போன் உள்ள மேஜைமேல இருக்கு" என்றாள். "போய்க் கேளு."

அவன் டிரைவரிடம் திரும்பினான். டிரைவர் சட்டைப்பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தான். "அண்ணே, நீங்களாவது..."

"என்கிட்ட கேட்காதடா" என்றார் இஸ்திரிக்காரர். "நான் இன்னும் உள்ள போகல. இனிமேதான் என் முறை."

அவர் படியேறினார். கதவு திறந்தது. அதிகாரி அவரைத் தாண்டி வெளியே பார்த்தார். தம்பியின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.