நாலாயிரம் இடது கால்கள்

1
போர்க்கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். பட்டாளத்துக்கு பூட்ஸ் அனுப்புவது யார் என்று ஒரு சந்தேகம் வந்தது. கதை அங்கேயே தடுக்கி விழுந்துவிட்டது. முதல் வரி: 'பீரங்கிகள் முழங்க, வானம் சிவக்க—'

(அடித்துவிட்டேன். ராணுவக் கிடங்கில் முழங்குவது மேலதிகாரியின் தொண்டை மட்டும்தான்.)

2
அவள் அந்தக் கிடங்கின் பொறுப்பாளர். அவள் தம்பி பனிமலை முகாமில், கிழிந்த பூட்ஸோடு வாசல் காவல் நிற்கிறான். புது பூட்ஸ் அனுப்பினால் வழியிலேயே களவு போகிறது.

அவள்தான் யோசனை சொன்னாள். இடது கால் ஒரு லாரியில், வலது கால் அடுத்த வாரம் இன்னொரு லாரியில். ஒற்றை பூட்ஸை எவன் திருடுவான்?

"மூளைன்னா இதும்மா!" என்றார் மேலதிகாரி. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

3
இடது கால்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. 'பூட்ஸ் 4000 பெற்றுக்கொண்டோம்' என்று ரசீது வந்தது. ஜோடியா ஒற்றையா என்று எழுத, படிவத்தில் கட்டம் கிடையாது. கேட்டது நாலாயிரம், வந்தது நாலாயிரம் என்று தலைமையகம் கோப்பை மூடி, வலது கால் லாரியை வேறு முகாமுக்குத் திருப்பிவிட்டது.

(சிரிக்கலாம். நானும் இதுவரை சிரித்துக்கொண்டுதான் எழுதினேன்.)

4
தம்பி போன் செய்தான்.

"அக்கா, எல்லாமே இடது காலு. வலது கால்லயும் அதையே திணிச்சுக்கிட்டு நடக்கிறோம்."

"ரொம்ப வலிக்குதாடா?"

"வலிச்சா நல்லதுன்னு டாக்டர் சொல்றாரு. ரெண்டு விரல்ல இப்ப வலியே இல்லக்கா."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. (வேறு கதையாக இருந்தால் இந்த வரியைக் கூசாமல் எழுதியிருப்பேன்.) மேலதிகாரியிடம் ஓடினாள்.

"சார், வலது கால் போகலை. உடனே அனுப்பணும்."

"ரசீது இருக்கேம்மா. அது தப்புன்னு எழுதிக் குடு, அனுப்பிடலாம். ஆனா போர்க்காலம். பொய் ரசீதுக்குக் கையெழுத்துப் போட்டவனை உள்ளே தள்ளிடுவாங்க."

"யார் சார் போட்டது?"

அவர் ரசீதைத் திருப்பிக் காட்டினார். தம்பியின் கையெழுத்து. அக்கா கிடங்கிலிருந்து வந்த பெட்டிதானே என்று திறந்துகூடப் பார்க்காமல் போட்டிருக்கிறான்.

5
மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் எழுதிக் கொடுக்கிறாள். கால் பிழைக்கிறது, தம்பி சிறைக்குப் போகிறான். இன்னொன்றில் வாயை மூடிக்கொள்கிறாள், ரசீது பிழைக்கிறது. மூன்றாவதில் திடீரென்று போர் முடிந்து—

(வெட்கமாக இருந்தது. நிறுத்திவிட்டேன்.)

வெள்ளைத்தாளும் பேனாவும் அவள் முன்னால் இருக்கின்றன. என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். நீங்கள் யோசிப்பதற்குள் மூன்றாவது விரலும் வலிக்காமல் போய்விடும்.