இரவல் வாங்கிய பதினோராவது ஆள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் தானாக உதித்ததல்ல. போன வருடம் ஒரு பழைய அலமாரி வாங்கினேன். அதன் இழுப்பறையில் விரித்திருந்த செய்தித்தாள் 1909 நவம்பரைச் சேர்ந்தது. மூலையில், அமெரிக்காவில் நான் குடியிருக்கும் இந்த ஊர்க் கல்லூரியின் கால்பந்து அணியைப் பற்றி ஒரு வரி: ‘நோர்டால் அணியின் பருவம் முடிந்தது, ஐந்து ஆட்டத்தில் ஐந்து புள்ளி, அதுவும் விருந்தாளியின் தயவில்.’ விருந்தாளி எதற்குப் புள்ளி எடுத்துத் தருகிறான்? துணி அடுக்குவதை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். துணி இன்னும் கட்டில் மேலேயே கிடக்கிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: அயோவாவின் சோளக்காடுகள் மீது சூரியன் தன் பொற்கரங்களை நீட்டி—

(வேண்டாம். நவம்பரில் சோளக்காடு ஏது? அறுவடை முடிந்து வெறும் கட்டைதான் நிற்கும்.)

இரண்டாவது: ஹால்வர் ப்ரெக்கெ பிறவியிலேயே ஒரு வீரன்—

(பச்சைப் பொய். ஆடிய நான்கு ஆட்டத்திலும் ஒரு புள்ளிகூட எடுக்காத அணியின் கேப்டன் அவன்.)

மூன்றாவது: ஹால்வரையும் சேர்த்து நோர்டால் அணியில் மொத்தமே பதினோரு பேர்தான்.

இது நிற்கும். இங்கிருந்தே போகலாம்.

3

பதினோரு பேர் ஆடும் ஆட்டத்துக்குப் பதினோரு பேர் போதாதா என்று கேட்பீர்கள். யாருக்கும் எலும்பு முறியாதவரை போதும்.*

அந்த வருடம்தான் கல்லூரிக்குத் தலைவராக வந்திருந்தார் பாஸ்டர் தோர்கில்சன். ஆட்டம் என்ற பெயரில் பிள்ளைகள் நொண்டிக்கொண்டு வகுப்புக்கு வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. நான்காவது தோல்விக்குப் பிறகு ஹால்வரைக் கூப்பிட்டார். “கடைசி ஆட்டத்துல நம்ம காலேஜ் பையன் ஒருத்தன், ஒரே ஒரு தடவை, பந்தோட அந்த எல்லைக் கோட்டைத் தாண்டட்டும். அடுத்த வருஷமும் ஆடுங்க. இல்லேன்னா பந்தைத் தூக்கிப் பரண்ல போட்டுடுங்க.”

ஹால்வர் பாஸ்டர் படிப்புக்கு வந்தவன். வீட்டில் ஏழாவது பிள்ளை, அவன் பேச்சை அங்கே நாய்கூடக் கேட்டதில்லை. மைதானத்தில் மட்டும் அவன் வாயைத் திறந்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் படிப்பில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. அந்த வருடம் ஆட்டம் இல்லாமல் போய்விடுமோ என்று மூன்று நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. (சோறு என்பது நம் பழக்கத்தில் சொன்னது. அவன் சாப்பிடாமல் விட்டது அவித்த உருளைக்கிழங்கு.)

*இங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடுவது; தாண்டினால் அந்தக் காலத்தில் ஐந்து புள்ளி. பிறகு ஏன் அந்தப் பெயர் என்று முப்பது வருடமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

4

கடைசி ஆட்டம் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ரயிலில் வந்த கார்வின் கல்லூரியோடு. மாடுகளை விரட்டிவிட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். முதல் பாதியிலேயே நோர்டால் ஆட்டக்காரன் ஸிகுர்டின் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

ஆள் குறைந்த அணிக்கு எதிரணி தன் பெஞ்சிலிருந்து ஒருவனை இரவல் கொடுப்பது அந்தச் சின்னக் கல்லூரிகளுக்குள் இருந்த வழக்கம். நல்ல ஆட்டக்காரனை யார் கொடுப்பார்கள்? கார்வின் கேப்டன் லாடிஸ் குபிக்கைக் கைகாட்டினான். இரண்டு வருடமாகப் பெஞ்சைத் தேய்த்தவன், ஒரு நிமிடம்கூட ஆடாதவன். ஸிகுர்டின் உடம்புச் சூடு ஆறாத பழுப்பு அணி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்து நோர்டால் பக்கம் நின்றான்.

கார்வின்காரர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். எந்த எண்ணைக் கத்தினால் பந்து யார் கைக்குப் போகும் என்பது அவர்களுடைய ரகசியம். பெஞ்சில் உட்கார்ந்தே அதையெல்லாம் மனப்பாடம் செய்தவனைத்தான் தூக்கி எதிரிக்குக் கொடுத்திருந்தார்கள்.

முப்பத்தெட்டுக்குப் பூஜ்யம் என்று இருந்தபோது கார்வின் கேப்டன் ஓர் எண்ணைக் கத்தினான். பந்து வரப்போகும் இடத்துக்கு லாடிஸ் முன்னாலேயே போய் நின்றான். நடுவழியில் பறித்தான். ஓடினான். ஹால்வர் பக்கத்திலேயே ஓடி வந்து, துரத்தியவன் மேல் விழுந்து அவனை அமுக்கினான். லாடிஸ் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தான். ஐந்து புள்ளி.

(எழுதும்போது நானே எழுந்து நின்றுவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது.)

5

இந்த இடத்தில் லாடிஸ் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. தன் கல்லூரியின் ரகசியத்தை வைத்துத் தன் கல்லூரியையே அடித்தவனை என்னவென்று சொல்வது? இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். கார்வின்காரர்களுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அவனை ஏற்றாமல் ரயிலேறினார்கள். அவன் பை மட்டும் ஜன்னல் வழியாகப் பிளாட்பாரத்தில் வந்து விழுந்தது. மறு ரயில் காலையில்தான். ஹால்வர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிட வா என்று அவனை நடத்திக் கூட்டிவந்தான்.

வழியில் ஹால்வரே கேட்டுவிட்டான். “அவங்க நம்பரைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஆடுனியே, உறுத்தலையா?”

“ரெண்டு வருஷமா எனக்குன்னு அவங்க குடுத்தது அந்த நம்பர் மட்டும்தான். காதைப் பொத்திக்கிட்டு எப்படிடா ஆடுறது?”

ஹால்வர் சிரித்துவிட்டான். எனக்கும் சந்தேகம் தீர்ந்தது. மேலே எழுதினேன்.

6

விடுதிச் சாப்பாட்டு அறை. உப்புக்கண்டம், உருளைக்கிழங்கு, காப்பி. ஹால்வர் மூன்று நாள் பசியைத் தீர்த்துக்கொண்டிருந்தான். ஆட்டத்துக்குப் போகாமல் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்த பாஸ்டர், ஜெபம் சொல்லி முடித்த சற்று நேரத்தில் முகமெல்லாம் மலர்ச்சியாக இவர்கள் மேசைக்கு வந்தார். கோட்டைத் தாண்டியாகிவிட்டது என்று அவருக்குச் செய்தி போயிருந்தது. யார் தாண்டினார்கள் என்பது போகவில்லை.

“யாருப்பா அது?”

“இவன்தான், பாஸ்டர். லாடிஸ்.”

பாஸ்டர் பழுப்பு ஸ்வெட்டரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். “இந்தப் புள்ளையை நான் பார்த்ததே இல்லையே. ஹால்வர், இவன் நம்ம காலேஜ் பையன்தானே?”

முதல் முடிவு: ஆமாம் என்கிறான் ஹால்வர். அடுத்த வருடமும் ஆட்டம் உண்டு. பாஸ்டராகப் போகிறவன் ஜெபம் முடிந்த ஐந்தாவது நிமிடத்தில்— (அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: இல்லை என்கிறான். ஆட்டம் நின்று, மைதானத்தில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறார்கள். யோக்கியமான முடிவுதான், எனக்குத்தான் மனசு வரவில்லை.

மூன்றாவது: பாஸ்டருக்கு எல்லாம் முன்பே தெரியும், கடகடவென்று சிரிக்கிறார். (எழுதத் தெரியாதவன் முடிக்கிற விதம் இது. கிழித்துப் போட்டேன்.)

1910ஆம் வருடத்துச் செய்தித்தாள்கள் எங்கள் ஊர் நூலகத்தில் இருக்கின்றன. மூன்று நிமிட நடை. போய்ப் புரட்டினால் ஆட்டம் நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். போகப்போவதில்லை. செய்தித்தாளின் எண்களைப் பார்த்துவிட்டு மனுஷனை எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை.

பதிலை நீங்களே சொல்லுங்கள். உங்கள் வாயில் எது வந்தாலும் ஹால்வர் அதையே சொல்வான், நான் குறுக்கே வரமாட்டேன். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாஸ்டரையும் ஹால்வரையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். லாடிஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். இரண்டு வருடத்தில் அவனைக் காட்டி இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்க அவனும் காத்திருக்கிறான்.