அறுபது சீடிக் கேமரா

யாவ் அசியாமா எழுந்தபோது கேமராவும் கூடவே எழுந்தது.

துக்கத்துக்குப் போர்த்தியிருந்த கறுப்புத் துணியின் ஓரம் வயரில் சிக்கியிருந்ததை அவர் பார்க்கவில்லை. அக்கா அஃபுவா இறந்து ஏழாம் நாள். கானா நாட்டுக் குமாசியில், வீட்டு முற்றத்துப் பந்தலில் சொந்தபந்தம் சிவப்பும் கறுப்புமாகக் கூடியிருந்தது. தாய்மாமன் என்ற மிடுக்கோடு அவர் எல்லாருக்கும் கைகொடுத்துவிட்டு வந்து, காலை அகட்டி உட்கார்ந்தார். இதற்குள் கேமரா கம்ப்யூட்டரின் தலையிலிருந்து பிய்ந்து, மேசைக்கடியில் தலைகீழாகத் தொங்கி, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கீழிருந்து.

அந்தப் பக்கம் ஹாம்பர்க்கில் அஃபுவாவின் மகள் செர்வா இதை வீட்டுச் சுவர் முழுக்கப் பெரிதாகப் போட்டிருந்தாள். சர்ச் ஆட்கள் இருபது பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா! துணிய இறக்குங்க! பாஸ்டர் இருக்காரு!"

ஏழு நாளில் பந்தலில் முதல் சிரிப்பு அப்போதுதான் கேட்டது.

"விடும்மா, இந்தக் கேமராவுல எந்தக் காலத்துல எது தெளிவா தெரிஞ்சுது?" என்றார் அசியாமா, சமாளித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர். வாயைத் திறக்காமல் இருக்கும் பாடத்தில் மட்டும் தேறாதவர்.

ஒன்றுவிட்ட தம்பி பாஃபோ தன் போனிலிருந்து அதே அழைப்பில் சேர்ந்து, வாசலில் கட்டியிருந்த பேனரைக் காட்டினான். போன மாசம் சர்ச் அறுவடை விழாவில் எடுத்த படம்.

"அது யாரு?" என்றாள் செர்வா.

"என்ன கேள்வி? உங்கம்மாதான்."

ஸ்பீக்கரில் செர்வாவின் குரல் மெல்ல வந்தது. "வாராவாரம் பாத்தேனே மாமா. கன்னம் உப்பலா, மாவு பூசின மாதிரி வழவழன்னு இருந்தாங்களே. இதுல எலும்பு தெரியுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

கெட்ட சேதியைப் போனில் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆள் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொல்வார்கள். கேமரா இருக்கிறதே, பெண் தானே பார்த்துப் புரிந்துகொள்வாள் என்று அவர் நம்பிவிட்டார்.

"என்ன வெலை மாமா அந்தக் கேமரா?"

"அறுபது சீடி." கானாக் காசுக்கு அதைவிட மலிவான கேமரா கடைத்தெருவில் கிடையாது.

இணைப்பு அறுந்தது. நெட் போயிருக்கும் என்றான் பாஃபோ. நெட் எங்கும் போகவில்லை என்பது பந்தலுக்கே தெரியும்.

"என் கஞ்சத்தனத்தாலயா இது?" என்று அன்று மூன்று பேரிடம் கேட்டார் அசியாமா. ஒருவர் ஆண்டவன் சித்தம் என்றார். ஒருவர் சாப்பிட்டாச்சா என்றார். மனைவி, "ரேடியோவக் கொஞ்சம் சத்தமா வைங்க" என்றாள்.

காலையில் கேமராவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தார். நடக்க நடக்கக் கோபம் தன்மேலிருந்து நழுவி, வசதியாகக் கடைக்காரியின் மேல் போய் உட்கார்ந்தது. முகத்தைக் காட்டாததைக் கேமரா என்று விற்பதா? கண்ணாடி விற்கிறவன் இப்படிச் செய்தால் விடுவார்களா?

கடைக்காரி மேடம் அட்டா ஊர் வழக்கப்படி ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர்ப் பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டி, வந்தவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "இங்க எல்லாம் அமைதி வாத்தியாரே. நடந்து வந்தது நீங்க. என்ன சேதி?"

"தண்ணி வேணாம்! சேதி இதுதான்!" கைக்குட்டையை மேசைமேல் உதறினார். "இது கேமராவா, கொசுவலையா? எங்கக்கா எலும்பும் தோலுமா கெடந்தா. இது அவள ஜெர்மனிக்குக் கல்யாணப்பொண்ணு மாதிரி அனுப்பியிருக்கு. பெத்த பொண்ணு தாய உயிரோட பாக்காம போயிட்டா. உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

கடையில் சார்ஜர் பார்த்துக்கொண்டிருந்த இருவர் சார்ஜரை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார்கள்.

"வித்த பொருள் ஒரு வாரத்துக்கு மேல போனா..." என்று ஆரம்பித்தாள் அட்டா.

"மாத்தித் தரச் சொல்லல! பதில் சொல்லுங்க! அன்னைக்கு அக்காவோட வந்தப்ப ரெண்டு கேமரா வச்சீங்க. எறநூறு சீடிக்கு ஒண்ணு, இது ஒண்ணு. ஏன் இதத் தலையில கட்டினீங்க?"

"வெயில் ஜாஸ்தி இன்னைக்கு."

"மேடம்!"

அட்டா பெருமூச்சு விட்டாள். அலமாரியிலிருந்து அந்த இருநூறு சீடிக் கேமராவை எடுத்துக் கடைக் கம்ப்யூட்டரில் செருகித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதில் ஒரு கிழவன் இருந்தான். வெள்ளைத் தாடிமுள், கண்ணுக்குக் கீழே பை, அக்காவின் அதே மூக்கு. அசியாமாவின் குரல் தானாக இறங்கியது.

"அன்னைக்கு நடுவுல நீங்க வறுத்த வாழைக்கா வாங்க வெளிய போனீங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள் அட்டா.

இருந்தது. திரும்பி வந்தபோது அஃபுவா, "இந்தச் சின்னதே போதும் யாவ்" என்றாள். சட்டைப் பையில் இருநூறும் இருந்தது. தம்பி காசை மிச்சப்படுத்துகிறாள் என்று நினைத்தார். அதைவிட, அப்பாடா என்று நினைத்தார்.

"நான் போனப்புறம் என்ன நடந்துச்சு?"

"ரெண்டுலயும் மொகத்தப் பாத்தாங்க. இந்த நல்லதுல ரொம்ப நேரம் பாத்தாங்க. இது வேணாம்னாங்க. எம்பொண்ணு படிப்பு முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு, இதுல என்னப் பாத்தா எல்லாத்தயும் போட்டுட்டு ஓடியாந்துருவா, எது சரியா தெரியாதோ அதக் குடுன்னாங்க. தம்பிகிட்ட சொல்லாதேன்னாங்க."

"அப்ப... என் கஞ்சத்தனம்?"

"அதுவும் உண்மைதான். வெலை கேட்டதும் உங்க மொகத்துல வந்த சந்தோஷத்த ரெண்டு பேருமே பாத்தோம். உங்கக்கா சிரிச்சாங்க. ஆனா கேமராவ எடுத்தது நீங்க இல்ல வாத்தியாரே. அவங்க."

திரையிலிருந்த கிழவன் எதையோ தேடுவதுபோலக் கையை நீட்டினான். மேசைமேல் கிடந்த தண்ணீர்ப் பாக்கெட்டை எடுத்தான். ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான்.