பாசிப்பச்சைக்குப் பழுப்பு

ஜோதியம்மாளின் மகள் கல்யாணத்துக்காக நான் வெட்டிக்கொடுத்த ஜாக்கெட் துணி பழுப்பு. புடவை பாசிப்பச்சை. கீழ்பென்னாத்தூரிலிருந்து புடவையைக் கொடுத்தனுப்பி, துணியை நேராக டெய்லரிடம் சேர்க்கச் சொல்லியிருந்தார். தைத்த பிறகுதான் பார்த்தவர், டெய்லரையும் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். தைத்த ராஜமாணிக்கமாவது கேட்டிருக்கலாம். "இப்ப கான்ட்ராஸ்ட்தான் ஃபேஷன்னு நெனச்சேன் பாய்" என்றார். முகூர்த்தம் நாளை மறுநாள்.

தேரடித் தெருவில் எல்லா மேட்சிங் கடைக்காரர்களையும் போல நானும் இரண்டையும் வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்தான். இருபத்தாறு வருஷமாக அந்த நடிப்பில் எனக்குக் குறை கிடையாது. சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் என் கண்ணுக்கு ஒரே குடும்பம். கடையைக் காப்பாற்றியது, என் மனைவி ரஹமத்துன்னிசா ஒவ்வொரு துணிக்கட்டிலும் நிறத்தை எழுதிக் குத்திவைத்த சீட்டு. போன வெள்ளிக்கிழமை அலமாரியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று சீட்டுகளைக் கழற்றிய நான், அதனதன் இடம் என்று நினைத்து நானே திரும்பக் குத்தினேன்.

பிள்ளைகளுக்கு இது தெரியாது. மகன் ஃபைஸ் சின்னவனாக இருந்தபோது தக்காளியில் பழத்தையும் காயையும் கலந்துவைத்துப் பொறுக்கச் சொல்வேன். அவன் சரியாகப் பொறுக்கினானா என்று பார்க்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

இப்போது மகள் மெஹ்விஷ் ஏழு மாதம், பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இது அந்தப் பிள்ளைக்கும் போகுமா என்று கண் டாக்டரைக் கேட்டேன். நல்லதே நினைங்க என்றார். ரஹமத்துன்னிசா அல்லாவிடம் துஆ கேட்கச் சொன்னாள்.

ஜோதியம்மாள் வந்த அன்று கடையில் உட்கார்ந்திருந்த மெஹ்விஷ் எழுந்து சரியான துணியை வெட்டினாள். ராஜமாணிக்கம் சாயங்காலத்துக்குள் தைத்துத் தருவதாகச் சொல்ல, ஜோதியம்மாள் அவரோடு போனார். பிறகு மகள் பேனாவை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு கலர் தெரியாதுன்னு எனக்கு பத்தாவது படிக்கிறப்பவே தெரியும் அத்தா."

விலங்கியல் படித்தவள். நான்தான் பெருமையாகச் சேர்த்துவிட்டேன்.

"ஃபைஸுக்கு?"

"அவன் ஆம்பளப்புள்ள. உங்ககிட்டருந்து அவனுக்கு வந்தது ஒய் குரோமோசோம். இது எக்ஸ்ல இருக்கு. அவனுக்கு ஒண்ணும் இல்ல."

இத்தனை தக்காளி வீண்.

"உன் புள்ளைக்கு?"

அவள் ஒரு சீட்டை எழுதி முடித்தாள். "பையனா இருந்தா வர்றதுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு. பொண்ணா இருந்தா கலர் நல்லாத் தெரியும்."

"அப்ப உங்கிட்ட இருக்குதாம்மா?"

டாக்டரைப் போல நல்லதே நினைக்கச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் எனக்குப் பழுப்பாகத் தெரிந்த கட்டை மடியில் இழுத்துவைத்து, 'பாசிப்பச்சை' என்று பெரிய எழுத்தில் எழுதி, குண்டூசியைக் குத்தினாள்.

"இருக்கு அத்தா. கண்டிப்பா இருக்கு. உங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு எக்ஸ். அதைத்தான எனக்குக் குடுத்தீங்க."