கறுத்த எண்ணெய்

பாட்டு மூன்றாவது சரணத்துக்கு வந்தபோது சுந்தர்சிங்கின் கார் தெருவுக்குள் நுழைந்தது. சத்தத்தை வைத்தே ஆனிக்குத் தெரிந்துவிட்டது. பதினெட்டு வருஷம் கேட்ட சத்தம். பெற்ற நைனா சுந்தர்சிங் உயிரில்லாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்க, அந்த வண்டியை யார் ஓட்டி வருவது? பாட்டுப் புத்தகத்தை அம்மாவின் மடியில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு மெக்கானிக் தீனதயாளன் இறங்கினார்.

“பாலத்துலேர்ந்து ஓட்டிக்கினா வந்தீங்க?”

“ஆங். சாவி போட்டேன், வந்துச்சு.”

நேற்றுக் காலை ஆனி ஓட்டிப்போன இதே வண்டி பாலத்து ஏற்றத்தில் நின்றுபோனது. எஞ்சின் கத்தியது, சக்கரம் உருளவில்லை. பின் சீட்டில் நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கிருத்திகைக் கூட்டம் வேறு. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய நாலைந்து பேர் ஓடிவந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் நாடி பார்த்துவிட்டு, நேரம் குறிக்கக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்.

நைனாவைக் கொன்றது தான்தான் என்று அப்போதிலிருந்து ஆனி நம்பிக்கொண்டிருந்தாள். தானாகக் கியர் மாறும் வண்டி அது. வாங்கிய நாளிலிருந்து கியர் ஆயிலை மாற்றியதே இல்லை. மாற்றியே ஆகவேண்டும் என்று போன வாரம் ஒற்றைக் காலில் நின்றவள் இவள்.

“இத்தினி வருஷம் மாத்தாம உட்டாச்சு,” என்றார் நைனா. “இப்போ அந்த அழுக்குதாம்மா கியரைப் பிடிச்சிக்கினு இருக்குது. சுத்தம் பண்ணா வழுக்கிடும்.”

இவள் கேட்டால்தானே! தனியாக மணவூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகிற கிழவர், நடுவழியில் நின்றுவிட்டால் என்ன ஆவது என்ற பயம். சாவியைப் பிடுங்கிக்கொண்டுபோய் தீனதயாளனின் ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டு வந்தாள்.

“மாத்தாம உட்டிருந்தா நைனா பொழச்சிருப்பாரு, இல்ல?” என்று இப்போது அவரிடமே கேட்டாள்.

தீனதயாளன் தலையைக் குனிந்துகொண்டார். “மாத்தலம்மா.”

“என்னாது?”

“நட்டு கழட்டப் போறேன், உங்க நைனா வந்துட்டாரு. தொடாதன்னாரு. பொண்ணு கேட்டா மாத்தியாச்சுன்னு சொல்லுன்னாரு. பெரியவரு பேச்சை எப்படிங்க தட்டறது?”

ஆனி பானட்டைத் தூக்கினாள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, கண்ணீர் துடைத்த வெள்ளைக் கைக்குட்டையிலேயே துடைத்தாள். புது ஆயில் சிவப்பாக இருக்கும். கைக்குட்டையில் படிந்தது கருப்பு. தீய்ந்த வாடை அடித்தது.

நெஞ்சுப் பாரம் இறங்கும் என்று பார்த்தால் இறங்கவில்லை. மாற்றியிருந்தால் ஏற்றத்தில் ஏறியிருக்குமோ? அப்படியென்றால் அவரே தன் கையால்… மேலே நினைக்கப் பயந்து கம்பியைச் செருகினாள்.

“அப்போ இன்னிக்கு மட்டும் எப்படி ஓடுது?”

“நேத்து சூட்டுல வழுக்கியிருக்கும். இப்போ ஆறிடுச்சு.” சொன்னாரே தவிர, தீனதயாளன் வண்டியைவிட்டு நாலடி தள்ளியே நின்றார்.

பெட்டியை அமரர் ஊர்தியில் ஏற்றியதும் தம்பி ஆபேல் அம்மாவைக் கைத்தாங்கலாக அதற்குள் ஏற்றப் பார்த்தான். அம்மா ஜெயகுமாரி கையை உதறினாள். “நான் அவரு வண்டிலதான் வருவேன்.”

வேறு வழியில்லை, ஆனி ஓட்டினாள். அம்மா பின் சீட்டில் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள்.

“நல்லா சாஞ்சு உக்காரும்மா.”

“பரவால்ல.” பக்கத்துக் காலி இடத்தை அம்மா தடவிப் பார்த்தாள். “சீட்டு சூடா இருக்குதுடி.”

வெயில் என்று சொல்ல ஆனி வாயெடுத்தாள். வண்டி வேப்பமர நிழலில் நின்றது ஞாபகம் வந்தது.

பாலத்து ஏற்றம் வந்தது. முன்னால் நைனாவின் பெட்டி மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. வண்டி எங்கே கத்தப் போகிறதோ என்று ஆனி எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

வண்டி கத்தவில்லை, நிற்கவும் இல்லை. எந்த மிதியையும் தொடாமல் இரண்டு காலையும் வண்டித் தரையில் ஊன்றிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். வண்டி பெட்டிக்குப் பின்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது.