அமைச்சர் வரும்வரை

சவப்பெட்டியின் மேல் சுங்கு விரித்திருந்த வெள்ளைத் துணியைக் கட்சிச் சேர்மன் கலாபா உருவி எடுத்தார். கட்சிக்கொடி அச்சிட்ட துணியைப் போர்த்தி நாலு மூலையையும் இழுத்துவிட்டார்.

"அப்பா உங்க கட்சிய விட்டுப் பல வருஷமாச்சு," என்றாள் சுங்கு.

"திரும்பி வந்துட்டாரும்மா. போன மாசம் போன்ல பேசினோமே."

போன மாதம் முழுக்க அப்பா படுக்கையில், அவளையே யாரென்று கேட்டுக்கொண்டு கிடந்தார். அவள் பூபேயைப் பார்த்தாள். அப்பாவின் அக்கா மகன். தாய்வழிக் குல வழக்கப்படி அப்பாவின் சாவில் முடிவு சொல்ல வேண்டியவன் அவன்தான். மகளுக்கு அழும் உரிமை மட்டும். பூபே செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். கவுன்சில் தேர்தலுக்குச் சேர்மனிடம் சீட்டு கேட்டிருந்தான்.

அப்பா, ஊருக்குச் சிபெசா மாஸ்டர், பங்வேலு ஏரித் தீவொன்றில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். தீவுக்காரர்கள்தான் அவரைக் கவுன்சிலராக்கினார்கள். பிறகு எம்.பி., மாகாண அமைச்சர். பிரசவக்காரிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர ஒரு மோட்டார் படகு வாங்கித் தருவதாக ஒவ்வொரு தேர்தலிலும் சொன்னார். படகு வரவில்லை. சீட்டு மறுக்கப்பட்டதும் கட்சி மாறித் தோற்றார். மறுபடி மாறி மறுபடி தோற்றார். அதன்பின் வாசலில் ஒரு காரும் நின்றதில்லை.

இன்று விடியும் முன்பே தீவிலிருந்து ஐம்பது பேர் சாவு வீட்டுச் சமையலுக்கான கருவாட்டு மூட்டைகளோடு துடுப்புப் போட்டு வந்திருந்தார்கள். தலைநகர் லுசாகாவிலிருந்து அமைச்சர்தான் இன்னும் வரவில்லை.

தீவுக்கார முதியவர் மும்பா அவளருகே குந்தினார். "தாயி, காத்து எழும்புற நேரம். ரெண்டு மணி தாண்டினா ஏரி எங்கள விடாது. மாஸ்டர இறக்கிட்டா ஆளுக்கொரு பிடி மண்ணப் போட்டுட்டுக் கிளம்பிருவோம்."

சுங்கு சேர்மனிடம் போனாள்.

"அமைச்சர் வராம இறக்கினா என் கதி என்னம்மா? பாலத்தத் தாண்டிட்டாங்களாம்."

"பதினோரு மணிக்கே தாண்டிட்டதாச் சொன்னீங்க."

"பெரிய வண்டி. நிதானமாத்தான் வரும்."

சாவு வீட்டில் கேலி பேச உரிமையுள்ள குலத்துக்காரி ஒருத்தி பெட்டியைத் தட்டினாள். "மாஸ்டர், எந்திரிச்சு உங்க அமைச்சருக்கு வழி காட்டுங்க! நீங்களும் இப்படித்தானே எங்கள வெயில்ல காய வச்சீங்க!" எல்லோரும் சிரித்தார்கள். சுங்குவுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும், மணி இரண்டை நெருங்க, தீவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைத் தொட்டுவிட்டுக் கரைக்கு இறங்கினார்கள். மும்பா மட்டும் கொஞ்சம் நின்றார்.

"நீ என்ன செய்வ, தாயி," என்றுவிட்டு அவரும் போனார்.

நாலரை மணிக்கு அமைச்சர் வந்தார். அப்பாவின் பெயரைப் பார்த்துப் படிக்கும்போதே தப்பாகச் சொன்னார். பிறகு சேர்மன் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"தலைவர் கண்மூடும்போது சொன்ன கடைசி வார்த்தை என்ன தெரியுமா? கட்சியக் கைவிட்டுறாதீங்க!"

கைதட்டல் எழுந்தது. பாயில் உட்கார்ந்திருந்த அம்மா அவள் பக்கம் சாய்ந்தாள். "நீதானே கூட இருந்த. அப்படியா சொன்னாரு?"

அவர் இறந்த அன்று விடிகாலையில் சுங்கு ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கண் திறந்து, வெகு மரியாதையாக, "மனுவ வச்சிட்டுப் போம்மா. பார்க்கிறேன்," என்றார். "சரிங்க ஐயா," என்றாள். அதற்குமேல் அவர் பேசவில்லை.

"ஆமாம்மா," என்றாள் சுங்கு.

குழியை மூடி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. திரும்பிப் போகிற வழியில் அமைச்சரின் வண்டி கரை மணலில் புதைந்துகொண்டது. டிரைவர் மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் இறங்கியது.

"கை குடுங்க, எல்லாரும் கை குடுங்க!" சேர்மன் கத்தினார். பூபே ஓடினான். சாவுக்கு வந்தவர்கள் பின்னால் கூடினார்கள். அவர்களுக்கு நடுவில் கிடைத்த இடத்தில், புதைகுழி மண் ஒட்டியிருந்த கைகளைச் சுங்குவும் வண்டிமேல் வைத்தாள்.

"ஒண்ணு, ரெண்டு..."

அவள் தலையைக் குனிந்து தள்ளினாள்.