இரண்டாவது சிவப்புப் புள்ளி

கணவர் மிக்கேலின் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள் கத்தரீனாள். உயிரோடு இருந்தவரை அந்தப் பொத்தானைத் தொட விடமாட்டார். இன்று ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

விடிகாலையில் மூச்சு நின்றிருந்தது. நான்கு மணிக்கு அடக்கம். சக்குபள்ளம் ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயமே முற்றத்தில் நின்றது. மகள் ஜின்சி மட்டும் சிக்னல் கிடைக்கும் ஸ்டோர் மேட்டுக்குப் போயிருந்தாள்.

“அப்பா கெடக்காரு, இவ போனைத் தூக்கிட்டுப் போயிட்டா” என்று யாரோ முணுமுணுத்தார்கள். போகச் சொன்னதே கத்தரீனாள்தான்.

ஜின்சிக்குப் பெங்களூரில் ஆராய்ச்சி வேலை. விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் படங்களில், பிரபஞ்சம் பிறந்த புதிதில் உண்டான நட்சத்திரக் கூட்டங்களைத் தேடவேண்டும். தூரம் கூடக்கூடச் சிவப்பாகத் தெரியுமாம். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படியொரு புள்ளி அகப்பட்டது. “இன்னும் சோதிக்கணும்ப்பா” என்றுதான் சொன்னாள். மிக்கேலுக்குப் பொறுமை ஏது? மாதா கோயிலில் நன்றிப் பூசை வைத்து, பங்குச் சாமியாரை அறிவிக்கச் சொல்லி, லயம் முழுக்க டீயும் பன்னும் கொடுத்துவிட்டார். மூன்று மாதத்தில் அது பொய்த்துப்போனது. அது அவ்வளவு தூரத்தில் இல்லை, தூசியால் சிவந்து தெரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து பக்கத்து வீட்டுச் சங்கையா, “மிக்கேலு, ஒம் மக நட்சத்திரம் இன்னிக்கு எந்த பஸ் ஸ்டாப்புல நிக்குது?” என்று கேட்காத நாளில்லை. மிக்கேல் சிரித்து வைப்பார். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. அதைப் பார்த்தவள் கத்தரீனாள்.

இப்போது இரண்டாவது புள்ளி. தூரம் சரிதானா என்று பார்க்க அதன் ஒளியைப் பிரித்து நிறமாலை எடுத்திருந்தார்கள். முடிவு இன்று வரும். நேற்று, நோய்ப்படுக்கையில் கிடந்த மிக்கேல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “உறுதியானா மட்டும் சொல்லு. நான் இருந்தாலும் இல்லாட்டாலும் சொல்லு” என்றார்.

கோயில் உபதேசியார் செபத்தை முடித்தார். “பெட்டிய மூடலாமா?”

“செத்த பொறுங்க” என்றாள் கத்தரீனாள்.

“சாமியார் கோயில்ல காத்திருக்காரும்மா.”

“இருக்கட்டும். முப்பது வருஷம் மாடா ஒழைச்சவரு. பத்து நிமிஷம் சும்மா கெடக்கக் கூடாதா?”

ஜின்சி ஓடிவந்தாள். காலில் செருப்பில்லை, முழங்கால் வரை சேறு. அவள் நீட்டிய போனைக் கத்தரீனாள் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தாள்.

“உறுதியா?”

“உறுதிம்மா. மூணு பேரு தனித்தனியா பாத்தாச்சு. அந்த வெளிச்சம் கெளம்பி ஆயிரத்து முந்நூறு கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“அவருகிட்ட சொல்லு.”

ஜின்சி அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டு அதையே மறுபடி சொன்னாள். பாதியில் அழுதுவிட்டாள். கத்தரீனாள் அழவில்லை. முற்றத்தில் நின்ற சங்கையாவின் பக்கம் திரும்பினாள்.

“சங்கையாண்ணே, கேட்டுச்சா?”

சங்கையா தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். “கேட்டுச்சு, தங்கச்சி.”

வாசலில் பேண்ட் செட்டுக்காரர்கள் அடக்கப் பாட்டுக்குத் தயாராக நின்றார்கள். கத்தரீனாள் அவர்களிடம் போனாள்.

“பெருநாள் சப்பரத்துக்கு வாசிப்பீங்கள்ல, அத வாசிங்க.”

“சாவு வீட்லயாம்மா?”

“எங்க வீட்டுக்காரரு கெலிச்சிட்டுப் போறாரு. வாசிங்க.”

டிரம் அதிர்ந்தது. உபதேசியார் பெட்டியை மூடச் சொன்னார். சங்கையா பெட்டியின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தான். ஏலச் செடிகளுக்கு நடுவே இறங்கும் பாதையில், தூக்கியவர்களின் கால்கள் முதலில் தடுமாறின. வளைவு தாண்டுவதற்குள் எல்லாக் கால்களும் தாளத்தில் விழுந்துவிட்டன.